முதியோர் இல்லம்: நீண்ட கால வாக்குறுதியும் அதனைக் காக்கும் அமைப்பும்

கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில், பழைய அரண்மனையை அடுத்து, 1568 ஆம் ஆண்டில் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக் கூடம் இருக்கிறது. 1968 டிசம்பரில் அதன் நானூறாவது ஆண்டு விழா நடைபெற்றபோது பிரதமர் திருமதி இந்திரா காந்தி நேரில் கலந்துகொண்டார். நினைவு அஞ்சல்தலை ஒன்றும் வெளியிடப்பட்டது. ஆனால் விழா நடந்த காலத்திலேயே அத்தெருவில் இளையோர் தொகை குறைந்துகொண்டிருந்தது. கேரளத்தில் ஏறத்தாழ 2,500 பேராக இருந்த யூதச் சமூகத்தினரில் பெரும்பாலோர் 1950-களில் இஸ்ரேலில் குடியேறிவிட்டனர். பரதேசிப் பிரிவினரிடையே வெளியேற்றம் சற்றுத் தாமதமாக நிகழ்ந்ததெனினும், அங்கும் முடிவு அதுவாகவே இருந்தது. எஞ்சியவர்கள் முதியவர்கள். 2019 ஆகஸ்டில் சாரா கோஹன் தமது 96 ஆம் வயதிலும், 2024 ஆகஸ்டில் குவீனி ஹலேகுவா தமது 89 ஆம் வயதிலும் காலமாயினர்.

சாரா கோஹன் அம்மையாரின் இறுதி ஆண்டுகளில் அவரைப் பேணியவர்களுள் முதன்மையானவர் அவருடைய சமயத்தைச் சேர்ந்தவரல்லர். அதே தெருவில் பல்லாண்டுகள் பழகிய இஸ்லாமிய நண்பர் ஒருவரே. நெகிழ்ச்சியூட்டும் இந்நிகழ்ச்சியில் திட்டமிடுவோர் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா ஒன்றும் அடங்கியுள்ளது. இத்தகைய நண்பர் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. வாய்க்காதவர்களுக்கு அந்தப் பேணுதலை உறுதியாக அளிக்கவல்ல அமைப்பு எது? அது எவ்வாறு தோன்றியது, எதனால் நிலைக்கிறது, எதனால் சிதைகிறது?

பிரச்சினையின் அளவு

இளையோர் வெளியேற முதியோர் எஞ்சுதல் ஒரு தெருவின் கதை மட்டுமன்று. 1961 ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி, 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் இந்திய மக்கள் தொகையில் 5.6 சதவீதமாக இருந்தனர். கேரளத்தில் இவ்விகிதம் 5.1 சதவீதமே. ஐம்பது ஆண்டுகளில் இந்நிலை தலைகீழாக மாறிற்று. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாடு முழுவதற்குமான விகிதம் 8.6 சதவீதம், கேரளத்தின் விகிதம் 12.6 சதவீதம். 2031 ஆம் ஆண்டில் கேரளத்தில் இது 20.9 சதவீதமாகவும், தமிழ்நாட்டில் 18.2 சதவீதமாகவும் இருக்குமென அரசின் மக்கள் தொகை முன்மதிப்பீடு கூறுகிறது.

பிறப்பு விகிதம் குறைந்தமை, ஆயுள் நீண்டமை, வேலை நாடி இளைஞர் வெளியூர்களுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றமை ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள். முதல் இரண்டும் நமது வளர்ச்சித் திட்டங்களின் வெற்றிகள். ஆதலின் முதுமைப் பிரச்சினையை வளர்ச்சியின் தோல்வியாகக் கருதுவது பொருந்தாது. வெற்றியின் விளைவுக்கு நாம் ஆயத்தமாக இருந்தோமா என்பதே கேள்வி. இந்தியாவில் 60 வயதை எட்டிய ஒருவர் சராசரியாக மேலும் 18 ஆண்டுகள் வாழ்கிறார். எனவே ஒரு முதியவருக்கு இடமளிக்கும் இல்லம், அவரிடம் பல ஆண்டுகளுக்கான வாக்குறுதி ஒன்றைத் தருகிறது. அவ்வாக்குறுதி இடையில் முறியுமாயின், 80 வயதான ஒருவருக்கு வேறு இடம் தேடும் வலிமை இராது. முதியோர் இல்லத்தைப் பிற தொண்டு நிறுவனங்களினின்றும் வேறுபடுத்துவது இந்த உண்மையே.

இலாப நோக்கற்றது என்பதன் பொருள்

இலாப நோக்கற்ற அமைப்பு என்றால் கட்டணம் வாங்காத அமைப்பு என்று பலர் கருதுகின்றனர். இது சரியன்று. அத்தகைய அமைப்பு கட்டணம் பெறலாம். ஓராண்டில் செலவினும் வரவு மிகுந்திருக்கவும் செய்யலாம். ஆனால் அம்மிகுதியை உறுப்பினர்கள் தம்முள் பங்கிட்டுக் கொள்ள முடியாது. அமைப்பின் குறிக்கோளுக்கே அதனைத் திரும்பச் செலவிட வேண்டும். பங்கீட்டுக்கு உள்ள இந்தத் தடையே அதன் இலக்கணம்.

இத்தடை முதியோர் பராமரிப்பில் சிறப்பான பயனுடையது. அரிசி வாங்குபவர் தரம் குறைந்தால் மறுமுறை வேறு கடைக்குச் செல்வார். நினைவாற்றல் குன்றிய, நடமாட இயலாத முதியவர் தாம் பெறும் பராமரிப்பின் தரத்தை மதிப்பிடவும் மாட்டார். மதிப்பிட்டாலும் இடம் மாறவும் மாட்டார். வாங்குபவர் தட்டிக்கேட்க இயலாத இடத்தில், தரத்தைக் குறைத்து இலாபம் ஈட்டும் தூண்டுதல் எழுகிறது. பங்கீட்டுத் தடை அத்தூண்டுதலைக் குறைக்கிறது. எனினும் அது திறமையின்மையையோ அலட்சியத்தையோ போக்கிவிடாது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

வரலாறு காட்டும் வழிகள்

கொச்சியில் இத்தகைய அமைப்புகளின் வரலாறு நீண்டது. 1498 இல் லிஸ்பன் நகரில் தோன்றிய 'மிசெரிகோர்தியா' என்னும் கருணைச் சகோதரத்துவம் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியரின் கொச்சியிலும் இயங்கியது. வறியோர், நோயாளர், விதவையர் ஆகியோருக்கு உதவி செய்வது அதன் பணி.

கொச்சி மிளகு வாணிபத்தோடு தொடர்புடைய வேறொரு நிகழ்ச்சியும் இங்குக் கருதத்தக்கது. 1505 இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட போர்த்துகீசியக் கப்பல் அணியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகர வணிகரான யாக்கோப் ஃபுக்கரும் பங்கு முதலீடு செய்திருந்தார். அவர் 1521 இல் தம் நகரின் வறிய குடிகளுக்காக 'ஃபுக்கரை' என்னும் குடியிருப்பை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது. ஏறத்தாழ 150 பேர் அங்கு வாழ்கின்றனர். ஆண்டு வாடகை ஒரு யூரோவுக்கும் குறைவு. நாள்தோறும் மூன்று பிரார்த்தனைகளைச் சொல்ல வேண்டுமென்பது நிபந்தனை. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீச்சால் பெரிதும் அழிந்தும் அது மீண்டும் எழுந்ததற்குக் காரணம், நிறுவியவர் விட்டுச் சென்ற அறக்கட்டளையே. அதன் சொத்து பெரும்பாலும் காடுகளில் இருந்தமையால் பணவீக்கம் அதனை விழுங்கவில்லை. கோயில்களுக்கு நிலம் எழுதிவைத்துக் கட்டளைகள் ஏற்படுத்திய நம் முன்னோரும் இதே பொருளாதார உண்மையை அறிந்திருந்தனர்.

இதற்கு நேர்மாறான வழியையும் காண்கிறோம். 1839 இல் பிரான்ஸ் நாட்டின் சேன் செர்வான் என்னும் ஊரில் ஜான் ஜுகான் என்ற எளிய பெண்மணி, பார்வையிழந்து நடமாட இயலாதிருந்த ஒரு மூதாட்டியைத் தம் இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து தமது படுக்கையையே அளித்தார். அதிலிருந்து 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்னும் துறவியர் சபை தோன்றிற்று. நிலையான வருவாய் எதனையும் ஏற்பதில்லை. அன்றாடம் வீடுகளிலும் அங்காடிகளிலும் இரந்து பெறுவதைக் கொண்டே இல்லத்தை நடத்துவது என்பது அச்சபையின் நெறி. 1882 இல் கல்கத்தாவில் அவர்களது முதல் இந்திய இல்லம் தொடங்கப்பட்டது. நிறுவியவரான ஜான் ஜுகான் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு, பல ஆண்டுகள் ஒரு மூலையில் அறியப்படாதவராக வாழ்ந்து 1879 இல் மறைந்தார். ஆயினும் இல்லங்கள் நின்றன. தனிமனிதரைக் காட்டிலும் அமைப்பு வலுப்பெற்றிருந்தமையே இதற்குக் காரணம்.

கேரளத்தில் 1869 இல், குட்டநாட்டின் கைநகரியில் குரியாகோஸ் எலியாஸ் சாவரா அடிகளார் 'உபவிசாலை' என்னும் அறச்சாலையைத் தொடங்கினார். ஆதரவற்ற முதியோரும் மரணத் தறுவாயில் உள்ளோரும் அங்குப் பேணப்பட்டனர். ஊர் மக்களின் பங்கேற்பே அதன் ஆதாரம். சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியைத் தனியே எடுத்துவைக்கும் 'பிடியரி' வழக்கம் கேரளத்தில் இத்தகைய அறப்பணிகளுக்குத் துணையாயிற்று. தமிழ்நாட்டுப் பிடி அரிசித் திட்டங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதன்று. பின்னர் 1911 இல், அன்றைய கொச்சி அரசின் எல்லைக்குட்பட்ட திருச்சூரில் தோன்றிய இராஜவர்மா முதியோர் இல்லம், மாநிலத்தின் பழைய முதியோர் இல்லங்களுள் ஒன்றாக ஆய்வாளர்களால் குறிக்கப்படுகிறது.

சுதந்திர இந்தியாவில் 1978 ஆம் ஆண்டு குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் ஹெல்பேஜ் இந்தியா நிறுவப்பட்டது. சென்னையில் சாவித்திரி வைத்தி அம்மையார், தாம் நடத்திவந்த மகளிர் தொண்டுக் குழுவின் துணையோடு, ஆதரவற்ற மூதாட்டியருக்காக 'விச்ராந்தி' இல்லத்தைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். உறவினர் வாராதபோது இறுதிச் சடங்கையும் இல்லமே ஏற்றுச் செய்தது. வாக்குறுதியின் எல்லை மரணம் வரையில் என்பதை அச்செயல் உணர்த்திற்று.

வரவும் செலவும்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து, முதியோர் இல்லம் ஒன்றுக்கு நிதி வரும் வழிகள் நான்கெனக் கொள்ளலாம். அவை அறக்கட்டளை வருவாய், அன்றாட நன்கொடை, வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணம், அரசு மானியம் ஆகும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை உண்டு. இதனை உணரச் செலவின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 30 முதியோர் உள்ள இல்லத்தில் எந்நேரமும் இரண்டு பராமரிப்புப் பணியாளர்கள் இருக்க வேண்டுமெனக் கொள்வோம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம். இருவருக்கு 336 மணி நேரம். ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்யலாம். ஆகவே இரண்டு இடங்களை நிரப்ப ஏழு பேர் வேண்டும். விடுப்புகளைக் கருதினால் எட்டுப் பேர். சமையல், துணி வெளுத்தல், காவல், செவிலியர் பணி ஆகியவை இதில் அடங்கா. இரண்டு பேர் போதும் என்று எண்ணித் தொடங்கப்படும் இல்லங்கள் ஓராண்டுக்குள்ளேயே தத்தளிப்பதன் இரகசியம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

மேலும், ஆலையில் இயந்திரம் புகுத்தினால் உற்பத்தி பெருகும். ஊதிய உயர்வை அதனைக் கொண்டு ஈடுசெய்யலாம். முதியவர் ஒருவரைக் குளிப்பாட்டி உணவூட்ட ஐம்பது ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு நேரம் ஆயிற்றோ, இன்றும் ஏறத்தாழ அவ்வளவே ஆகிறது. ஆனால் நாட்டில் பொதுவாக ஊதியம் உயரும்போது பராமரிப்பாளரின் ஊதியமும் உயர்ந்தாக வேண்டும். எனவே இல்லத்தின் செலவு, பொது விலைவாசியைக் காட்டிலும் விரைவாக ஏறும் இயல்புடையது.

இந்நிலையில் வங்கியில் இட்ட அறக்கட்டளைப் பணத்தின் நிலை என்ன? ஓர் இலட்சம் ரூபாய்க்கு ஆண்டுக்கு 6 சதவீத வட்டி எனில், மாதம் 500 ரூபாய் கிடைக்கும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுமாயின் ஏறத்தாழ 14 ஆண்டுகளில் அந்த 500 ரூபாயின் வாங்கும் சக்தி பாதியாகிவிடும். வட்டி முழுவதையும் செலவிடும் இல்லம், தன்னை அறியாமலேயே மூலதனத்தை உண்கிறது. வட்டியில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் மூலதனத்தோடு சேர்ப்பது இன்றியமையாதது.

அன்றாட நன்கொடை மக்களின் தொடர்பை வளர்க்கிறது. ஆனால் பண்டிகை நாட்களில் பெருகி, மழைக்காலத்தில் வற்றுகிறது. கட்டணம் நிலையான வரவாகும். ஆனால் கட்டணம் செலுத்துவோரையே சேர்க்கும் ஆசை வளர்ந்து, வறியோருக்கென ஒதுக்கிய இடங்கள் மெல்ல மறையக்கூடும். சேரும்போது பெறும் வைப்புத் தொகையை வரவாகக் கருதிச் செலவிடுவது இன்னும் ஆபத்தானது; ஐந்தொகையில் அது கடனாகவே இடம்பெற வேண்டும். அரசு மானியமோ தவணைகளில் வருகிறது; தவணை தாமதித்தாலும் முதியோருக்கு அன்று பசிக்கும். இக்காரணங்களால், நான்கு வழிகளில் இரண்டையேனும் கொண்டிராத இல்லமும், ஆறு மாதச் செலவுக்கான இருப்பு நிதி இல்லாத இல்லமும் தம் வாக்குறுதியைக் காப்பது அரிது.

சட்டமும் அரசும்

அரசியலமைப்பின் 41 ஆவது பிரிவு, முதுமையில் பொது உதவி பெறும் உரிமைக்கு அரசு தன் பொருளாதார ஆற்றலுக்கு உட்பட்டு வகைசெய்ய வேண்டுமெனப் பணிக்கிறது. முதியோருக்கான ஒருங்கிணைந்த திட்டம் 1992 முதல் தொண்டு நிறுவனங்களுக்கு மானியம் அளித்து வந்தது; அது இன்று 'அடல் வயோ அப்யுதய் யோஜனா' என்னும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதி. 1999 இல் தேசிய முதியோர் கொள்கை அறிவிக்கப்பட்டது.

2007 ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் இத்துறையில் முதன்மையானது. பராமரிக்க மறுக்கும் பிள்ளைகளிடமிருந்து தீர்ப்பாயத்தின் வாயிலாக மாதம் ரூ. 10,000 வரை பெற அது வழிசெய்தது. பேணுவதாக நிபந்தனையிட்டுப் பெற்ற சொத்தைக் கொண்டு, பின்னர்ப் பேண மறுத்தால், அச்சொத்து மாற்றத்தைச் செல்லாததாக்கவும் இடமளித்தது. மாவட்டத்துக்கு ஒன்றேனும் வீதம், குறைந்தது 150 வறிய முதியோர் தங்கத்தக்க இல்லங்களை மாநில அரசுகள் அமைக்கலாம் என அதன் 19 ஆவது பிரிவு கூறுகிறது. 'அமைக்க வேண்டும்' என்னாது 'அமைக்கலாம்' என்றிருப்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லில் உள்ள இடைவெளியைத்தான் தொண்டு நிறுவனங்கள் இன்று நிரப்பி வருகின்றன.

மட்டாஞ்சேரியில் இத்தகைய அமைப்பைத் தொடங்குவோர், 1955 ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ச் சங்கமாகப் பதிவு செய்துகொள்ளலாம். பதிவுக்குப் பின், கேரளத்தின் அநாதை இல்லங்கள் மற்றும் அற இல்லங்கள் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரமும் தேவை. பதிவு என்பது சடங்கன்று. கணக்குத் தணிக்கை, ஆட்சிக் குழுத் தேர்தல், சங்கம் கலைந்தால் சொத்து யாரைச் சேரும் என்ற விதி ஆகியவை, நிறுவியவர் மறைந்த பின்னும் முதியோரைக் காக்கும் அரண்கள்.

குறிக்கோள் எதுவாக இருத்தல் வேண்டும்?

உணவும் உறைவிடமும் அளித்தலே குறிக்கோள் எனில், அது சத்திரத்தோடு நின்றுவிடும். 1991 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற முதியோர் நெறிகள் ஐந்து: தற்சார்பு, பங்கேற்பு, பராமரிப்பு, தன்னிறைவு, கண்ணியம். பராமரிப்பு இவற்றுள் ஒன்றே என்பது கருதத்தக்கது.

பங்கேற்பு என்பதற்கு நடைமுறையில் எளிய சோதனைகள் உண்டு. காலையில் எழும் நேரத்தை முதியவரே முடிவு செய்கிறாரா? உணவுப் பட்டியலில் அவர்களுடைய சொல் ஏறுகிறதா? தமது பெட்டிக்குப் பூட்டும் சாவியும் அவரிடம் உள்ளனவா? ஓய்வூதியப் பணம் யார் கையில் இருக்கிறது? குறை கூறினால் அது நிர்வாகியைத் தாண்டிச் செல்ல வழி உண்டா? இல்லத்தில் வாழ்வோரின் குழு ஒன்று மாதந்தோறும் கூடி, அதன் முடிவுகள் எழுத்தில் பதிவாகி, ஆட்சிக் குழுவில் அவர்களுக்கு ஓரிடமும் இருந்தாலன்றி, நல்லெண்ணம் மட்டும் இவற்றை உறுதி செய்யாது. ஆய்வுக்குச் செல்லும் அலுவலர்கள் படுக்கைகளை எண்ணுவதோடு அமையாது, இவ்வினாக்களையும் தனிமையில் முதியோரிடமே கேட்டறிதல் நலம்.

மட்டாஞ்சேரிக்கு ஏற்ற முறை

மட்டாஞ்சேரி நெரிசல் மிகுந்த பகுதி. கீழே கடையும் கிடங்கும், மேலே செங்குத்தான மரப்படிகளுக்கு அப்பால் வாழ்விடமுமாக அமைந்த பழைய வீடுகள் முழங்கால் தளர்ந்தவருக்குச் சிறையாகிவிடுகின்றன. கிடங்குகளிலும் துறைமுகத்திலும் சுமை தூக்கி வாழ்ந்தோர் இங்குப் பலர். அவர்களுக்குச் சுமைதூக்கும் தொழிலாளர் சட்டம் 1978 இல்தான் வந்தது. நகருக்கு வெளியே எழும் பெரிய ஓய்வு இல்லங்களில் சேர அவர்களால் இயலாது. இயன்றாலும், கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும் தம் தெருவை விட்டுச் செல்ல விரும்பமாட்டார்கள்.

ஆகவே இத்தகைய இடங்களுக்கு ஏற்றது, 20 அல்லது 30 பேர் தங்கும் சிறிய இல்லமும், அதனைச் சார்ந்த பகல் வீடும், வீடுகளுக்கே சென்று உதவும் பணியாளர் குழுவும் இணைந்த அமைப்பாகும். இல்லத்தின் சமையலறையிலிருந்து அக்கம்பக்கத்து முதியோருக்கும் உணவு செல்லலாம். தனியே இருப்பவர் நோயுற்றால் சில நாட்கள் இல்லத்தில் தங்கி மீளலாம். இதற்குத் தேவையான கூறுகள் பல கேரளத்தில் முன்னரே உள்ளன. நகர்ப்புறங்களில் 65 வயது கடந்தோருக்கு 'வயோமித்ரம்' திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு இலவசமாக மருந்து வழங்குகிறது. 1993 இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத் தொண்டர்களைப் பயிற்றுவித்துப் படுக்கையிலிருப்போரை வீட்டிலேயே பேணும் முறையை வளர்த்தது. 2008 இல் மாநில அரசு அதனைக் கொள்கையாகவே ஏற்றது. இக்கூறுகளை ஒரு வட்டாரத்தில் ஒருங்கிணைக்கும் பொறுப்பை ஏற்பதே, இலாப நோக்கற்ற முதியோர் அமைப்பின் புதிய பணி எனலாம்.

சாரா கோஹன் அம்மையாருக்குத் தம் தெருவில், தம் வீட்டில், தம்மை அறிந்தவர் அருகிருக்க முதுமை கழிந்தது. அது ஒரு நட்பின் பயன். அதே பேறு, நட்பு வாய்க்காத சுமைதூக்கிக்கும், பிள்ளைகள் கடல் கடந்துவிட்ட மூதாட்டிக்கும் கிடைக்க வேண்டுமாயின், நல்லுள்ளம் படைத்த ஒருவரைத் தேடுவது போதாது. அந்நல்லுள்ளத்தைக் கணக்கேடாகவும் விதியாகவும் இருப்பு நிதியாகவும் மாற்றி, அவருக்குப் பின்னும் நிலைக்கச் செய்யும் அமைப்பு வேண்டும். முதியோர் இல்லத்தைத் திறந்துவைக்கும் நாளில் கேட்கத்தக்க வினா, எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதன்று. இன்று சேர்ந்தவருள் இளையவரின் கடைசி நாள் வரையில் இக்கதவு திறந்திருக்குமா என்பதேயாம்.